காளைக் கயிறு

எங்கள் ஆற்றங்கரைக் கோப்பையின் எண்பது வருட வரலாற்றை எழுதியவன் நான்தான். நாற்பத்தெட்டுப் பக்கம், பச்சை அட்டை, முதல் பக்கத்தில் என் படம். எட்டு ஊர்களிலும் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது, சில வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதில் பதினான்காம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

கோப்பை என்று பெயரே தவிர, கோப்பையும் கிடையாது கீப்பையும் கிடையாது. 1938-இலிருந்தே பரிசு ஒரு காளை. எட்டு ஊர்களும் முறை வைத்துக் கொடுக்கும். ஈஸ்டர் மூன்று நாளும் ரக்பி ஆட்டம், திங்கட்கிழமை இறுதிப் போட்டி. நகரத்தில் வெள்ளைக்காரர் சங்கங்களுக்குப் பச்சைப் புல்தரை இருந்தது. கறுப்பர்களான எங்களுக்கு மாடு மேய்கிற மேடு. சாணியை அள்ளிப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பால் கோடு கிழிப்போம். கீழே விழுந்தவன் எழுந்தால் முழங்காலில் பாதித் தோல் தரையிலேயே இருக்கும். அதற்காக யாரும் ஆடாமல் இருந்ததில்லை.

முதல் வருடம் எங்கள் ம்டோனி ஊர் தோற்றது, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற குமாஷே ஊர் ஜெயித்தது. காளையோ அவர்களோடு போகமாட்டேன் என்று காலை ஊன்றி நின்றுவிட்டது. அதற்குத் தீனி வைத்து வளர்த்த எங்கள் ஊர் ஆட்டக்காரன் ஒருவன் மனமிரங்கி, தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் பட்டியில் கட்டிவிட்டு வந்தான். செய்தது உதவி. ஆனால் மனுஷ புத்தி இருக்கிறதே, மூன்றாம் வருடமே அதைத் தண்டனையாக்கிவிட்டார்கள். தோற்ற ஊரில் யாரால் தோற்றார்களோ, அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பெண்களின் குலவையும் கேலியும் கேட்டுக்கொண்டு, ஜெயித்தவர்கள் பட்டி வரை காளையை நடத்திப் போக வேண்டும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. கயிறு பிடித்தவனை, அவன் ஊர் ஒருமுறை ஜெயிக்கும் வரைக்கும் யாரும் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எங்களில் மதிப்புள்ள ஆண்பிள்ளையை யாரும் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. என் பெயர் ம்புலேலோ. ஊருக்கு நான் சுக்வினி, என் குலம் அது. என் மனைவி லுங்கெல்வாவுக்கும் நான் சுக்வினிதான், கோபத்தில்கூட. குலப்பெயர் போய்விட்டால் நரைத்த தலையும் பொடிப்பயலும் ஒன்று.

எங்கள் ஊர் மோன்வபிசி, டோலோ குலத்துக்காரன். 1983-க்குப் பிறகு அவன் பெயர் 'கயிறு'.

அந்த வருடம் இறுதிப் போட்டி எங்களுக்கும் குமாஷேக்கும். எங்கள் அணியில் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்கிற கடைசிக் காவல்காரன் மோன்வபிசி. அந்த இடம் முந்தின வருடம் வரை என்னுடையது. அவன் என்னைவிட வேகமாக ஓடினான், அவ்வளவுதான் விஷயம். எனக்குக் கொடியைக் கொடுத்து ஓரக்கோட்டில் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு ஒரு கொடிக்காரன் என்பது எங்கள் வழக்கம், ஆளுக்கு ஒரு கோடு. பந்து வைத்திருப்பவன் கால் கோட்டைத் தொட்டால் கொடியைத் தூக்க வேண்டும். ஒரு கழுதைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஒன்பதுக்கு எட்டு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னும் இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ. அப்போதுதான் லுங்கெல்வா கூட்டத்திலிருந்து கை நீட்டி எனக்கு ஒரு வெந்த மக்காச்சோளக் கதிரைக் கொடுத்தாள். கல்யாணம் ஆகாத காலம். அவள் கொடுத்ததை வேண்டாம் என்பேனா? கொதிக்கக் கொதிக்க இருந்தது. கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதித் தின்றேன்.

குமாஷேயின் ஓரத்து ஆட்டக்காரன் பந்தோடு என் கோட்டிலேயே ஓடி வந்தான். என்னிடமிருந்து நாலடி தூரத்தில் அவன் இடது கால் சுண்ணாம்பில் பதிந்தது. வெள்ளைத்தூள் பறந்ததைப் பார்த்தேன். மோன்வபிசியும் பார்த்தான். பார்த்துவிட்டு, அவனை மறித்து வீழ்த்தாமல், கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டான். கொடி எழும் என்று நம்பினான். கொடி என் அக்குளில் இருந்தது. கதிரைக் கீழே போட்டு, கொடியை உருவி, நிமிர்ந்து பார்த்தபோது குமாஷேக்காரன் எங்கள் எல்லைக்குள் பந்தை அழுத்திவிட்டு எழுந்து குதித்துக்கொண்டிருந்தான். நடுவர் விசில் ஊதிவிட்டார். அதற்கு நாலு புள்ளி, அவர்களுடைய எட்டு பன்னிரண்டானது.

அப்போதாவது தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. தூக்கினால் "இவ்வளவு நேரம் எங்கே மேய்ஞ்சுக்கிட்டிருந்தே?" என்று கேட்பார்கள். கயிறு என் கைக்கு வரும்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேலமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"கால் கோட்டுல பட்டுச்சு, நான் பார்த்தேன்!" என்று கத்தினான் மோன்வபிசி. "சுண்ணாம்பு பறந்துச்சுய்யா!"

"விசில் ஊதுச்சாடா? விசில் ஊதாம மரம் மாதிரி நிக்கிறவன் ஒரு ஆட்டக்காரனா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சுக்வினி. கோட்டுல நின்னது நீதானே?"

என் பல்லிடுக்கில் சோளத் தோல் இன்னும் இருந்தது.

"கால் உள்ளதான் இருந்துச்சு" என்றேன்.

மோன்வபிசி என்னைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கப் போனான்.

ஒருமுறைதானே, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ஜெயித்தால் போச்சு என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். எங்கே ஜெயித்தோம்? 1991-இல் இறுதிக்கு வந்து தோற்றோம். அதில் மோன்வபிசி ஆடவே இல்லை, முழங்கால் போய் வேலியோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பந்தைத் தவறவிட்டவன் எங்கள் ஊர்ச் சங்கத்தின் அப்போதைய தலைவரின் மருமகன். பெரியவர்கள் மரத்தடியில் கூடினார்கள். மருமகன் கையில் எப்படிக் கயிற்றைக் கொடுப்பது? தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கயிறுக்குத்தான் ஏற்கெனவே ஆள் இருக்கானே, இன்னொருத்தன எதுக்கு அசிங்கப்படுத்தணும்?" என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. மோன்வபிசியைக் கூப்பிட்டார்கள், வந்து வாங்கிக்கொண்டான். 1999-இலும் அப்படியே, 2007-இலும் அப்படியே. ஒரு ஊரின் வெட்கத்தையெல்லாம் ஒருத்தன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டோம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஒவ்வொரு தடவையும் அவன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியவன் நான்.

அவன் வீட்டு நாய்க்குக்கூடப் பிள்ளைகள் 'கயிறு' என்று பெயர் வைத்தார்கள். அவன் மனைவி மட்டும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, டோலோ என்று கூப்பிடுவாளாம்.

2018 பிப்ரவரியில், எண்பதாம் வருடப் புத்தகத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, மோன்வபிசி என் வீட்டுக்கு வந்தான். அறுபத்தொரு வயது, ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான். கையில் ஒரு பை நிறைய மக்காச்சோளக் கதிர், அவன் தோட்டத்தில் விளைந்தது. லுங்கெல்வா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"புத்தகத்துல 83-ஐ எழுதிட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"கால் கோட்டுல இருந்துச்சுன்னு ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி. ஏன், எப்படின்னு யாருக்கும் சொல்ல வேணாம்."

"நான் பார்த்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போடா" என்றான், சிரித்துக்கொண்டே. "உன் மூஞ்சியப் பார்த்தேன்ல அன்னிக்கு. முப்பத்தஞ்சு வருஷமா அந்த மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப இத்தனை நாளா ஏன் வந்து கேக்கல?"

"நான் சொன்னா ஊரு சிரிக்குது. புத்தகம் சொன்னா சிரிக்காதுல்ல?" என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது. "போன மாசம் பேரனுக்கு ஆடு அறுத்தோம். குழந்தைய முன்னோர்கிட்டக் காட்டி, குலத்தோட பேரைச் சொல்ற நாள். 'டோலோ'ன்னு நான் ஆரம்பிச்சேன். கூட்டத்துல எவனோ 'கயிறு'ன்னான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. லுவுயோ குழந்தையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டான். செத்தாலாவது என்னை டோலோன்னு கூப்பிட்டுப் புதைப்பாங்களான்னு தெரியல. அதை மட்டும் பண்ணிக் கொடு."

லுவுயோ அவன் மகன். முப்பது வயது, அப்பா நின்ற அதே கடைசி இடத்தில் இப்போது ஆடுகிறவன்.

எழுதுகிறேன் என்று சொன்னேன். அன்றே எழுதவும் செய்தேன்: "ஆட்டக்காரரின் கால் கோட்டில் பட்டது. கொடிக்காரர் கவனிக்கவில்லை." கதிரை வேகவைத்து எடுத்து வந்த லுங்கெல்வா, குனிந்து அதைப் படித்தாள்.

"இப்பவாவது எழுதினீங்களே, சுக்வினி" என்றாள். அவள்தானே கதிரைக் கொடுத்தவள்? அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நகரத்து அச்சகத்தில் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. கொடிக்காரர் யார் என்று எட்டு ஊருக்கும் தெரியும். முதல் பக்கத்தில் என் படம், பதினான்காம் பக்கத்தில் என் மானம். அந்த வருடம் எங்கள் அணி வேறு வெறிபிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஈஸ்டரில் எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறோம், ஜெயித்தால் கயிறு தானாகக் கழன்றுவிடும், எதற்கு வீணாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன்: "கடைசிக் காவல்காரர் மோன்வபிசி விசிலுக்கு முன்பே ஆட்டத்தை நிறுத்தியதால் ம்டோனி தோற்றது." அச்சுக்காரப் பெண் தேநீர் கொடுத்தாள். ரசித்துக் குடித்தேன்.

ஈஸ்டர் திங்கள் காலையில் மைதானத்தில் புத்தகம் கொடுத்தார்கள். மோன்வபிசி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒன்றை வாங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பி, கண்ணாடி கொண்டு வராததால் மகனிடம் நீட்டினான். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

"83-னு இருக்கா பாரு. சத்தமாப் படி" என்றான்.

விளையாட்டு உடுப்போடு நின்ற லுவுயோ பார்த்தான். முதலில் மனசுக்குள் படித்தான். "அப்பா, அப்புறம் படிக்கலாமே" என்றான்.

"படிடா."

லுவுயோ படித்தான். முழுதாக, ஒரு சொல் விடாமல். மோன்வபிசி கேட்டு முடித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறுதிப் போட்டி மறுபடியும் குமாஷேயோடு. கடைசி ஐந்து நிமிஷம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம். கடவுளே, இன்னும் ஐந்து நிமிஷம் என்று வாய்விட்டே வேண்டினேன். அப்போதைய தலைவர் வெலிலேயின் தம்பி மகன், பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை முடிக்க வேண்டியவன், அதை எதிராளியின் மார்பு மேலேயே அடித்தான். எதிராளி பந்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லைக்குள் ஓடிவிட்டான். தோற்றோம்.

மரத்தடியில் பேச்சு அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. "கயிறு எங்கப்பா, வரச் சொல்லு" என்றார் வெலிலே.

லுவுயோ குறுக்கே வந்து நின்றான். "அவரு ஆடவே இல்லையே! அவரால நடக்கவே முடியலையே!"

"தம்பி, வழக்கத்துல தலையிடாதே" என்றார் வெலிலே.

மோன்வபிசி மகனைத் தள்ளிவிட்டுப் புதுச் சட்டையோடு வந்து கயிற்றைப் பிடித்தான். அந்த வருடத்துக் காளை முரடு. மைதானத்தைச் சுற்றும்போதே அவனை இரண்டுமுறை இழுத்தது, இரண்டுமுறையும் ஜனம் கைதட்டியது. ஆற்றில் இறங்கும்போது மூன்றாவது தடவை இழுத்தது. கால் இடறி விழுந்தான். கயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் காளை அவனைக் கூழாங்கல்லின் மேல் தண்ணீர் வரை இழுத்துப் போனது. அக்கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இக்கரையில் எங்கள் ஆட்களும்தான் சிரித்தார்கள். அவன் எழுந்து, நனைந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, காளையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத்தான் திரும்பினான்.

மூன்று விலா எலும்பு உடைந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டியது. மூன்றாவது வாரம் செத்துப்போனான்.

சனிக்கிழமை காலையில் அடக்கம். குழிக்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். யாரும் குலப்பெயரைச் சொல்லவில்லை. 'நம் சகோதரர்' என்றார்கள், 'இவர்' என்றார்கள். கயிறு இன்னும் கழலவில்லை அல்லவா, வழக்கம் வழக்கம்தான். செயலாளர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன்.

"டோலோ!" என்று கூப்பிட்டேன். என் வாயால் முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறை. குலப்பெயரைச் சொன்னால் கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். லுவுயோவும் அவன் அம்மாவும் மட்டும் சொன்னார்கள். மற்றவர்கள் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கதிர், அக்குளில் கொடி, பறந்த சுண்ணாம்பு, மரத்தடியில் நான் சொன்ன பொய், அச்சகத்தில் நான் அடித்த வரி. "கயிறு என்னோடது. இவனைக் கொன்னது நான்தான்" என்றேன். அழுதேன். சரி, இனி என்னைக் கல்லால் அடிக்கட்டும் என்று நின்றேன்.

வெலிலே மெதுவாக எழுந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"பார்த்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "செத்தவன் மேல ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு, அவன் தப்பைத் தன் தலையில போட்டுக்கிறாரு. எப்பேர்ப்பட்ட மனசு!"

"இல்ல வெலிலே, நெஜமாத்தான் சொல்றேன்..."

"உட்காருங்க சுக்வினி, போதும். துக்கத்துல இருக்கீங்க." அவர் கோட்டுப் பையிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இவரே எழுதியிருக்காரு, பதினாலாம் பக்கம். வரலாறு வரலாறுதான், அதை யாரும் மாத்த முடியாது. ஆனா அன்பு இருக்கே, அது இதுதான்."

பின்னாலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்: "சுக்வினி!"

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க எழுந்துகொண்டது. "சுக்வினி! சுக்வினி!" மோன்வபிசியின் குழிக்குப் பக்கத்தில் என் குலப்பெயரைச் சொல்லிக் குலவையிட்டார்கள். ஆண்கள் வந்து என் தோளைத் தட்டினார்கள். குழிக்கு அந்தப் பக்கம் லுவுயோ மட்டும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதை அங்கே நம்பியவர்கள் மூன்று பேர். அவன், அவன் அம்மா, என் மனைவி.

புதைத்துவிட்டு வருகிறவர்கள் இறந்தவர் வீட்டு வாசலில் கை கழுவ வேண்டும். முன்னாலேயே திரும்பிவிட்ட லுங்கெல்வாதான் தண்ணீர்த் தொட்டியோடு நின்றிருந்தாள்.

"ம்புலேலோ, கையக் கழுவுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அடுத்த ஈஸ்டரில் மறுபடியும் இறுதிக்கு வந்தோம், மறுபடியும் தோற்றோம். யாரால் தோற்றோம் என்று எல்லாரும் பார்த்தார்கள், அது லுவுயோ இல்லை. பெரியவர்கள் மரத்தடியில் கூடினார்கள். கயிற்றுக்கு ஆள் இல்லை. பிறகு வெலிலே சொன்னார்: "அந்தக் குடும்பத்துலயே இருக்கட்டும். அவங்களுக்குப் பழகிடுச்சு." குறிப்பேடு என் மடியில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "நீங்க பேசாம இருங்க சுக்வினி, உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

லுவுயோ காளையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான். தலையில் தொப்பி இல்லை. என் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் நின்றான். கேலி செய்துகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"நல்லா இருக்கீங்களா, சுக்வினி?" என்று கேட்டான். குரலில் மரியாதை குறைவே இல்லை.

குலப்பெயர் சொல்லி விசாரித்தால், விசாரித்தவனின் குலப்பெயர் சொல்லித்தான் பதில் தர வேண்டும். அதற்காகத்தான் நின்றான். ஒரே ஒரு சொல். எட்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. வெலிலே என் தோளில் கை வைத்திருந்தார்.

"நல்லா இருக்கேன், தம்பி" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு, காளையை நடத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான்.